மரங்களின் பெரட்டு

ஜோகூர் பாரு
4 மே 1927

கிருஷ்ணம்மாவுக்கு,

நேற்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, இனிமேல் காலுறை அணிவது என்று முடிவு செய்தேன். அவசரத்தில் எடுத்த முடிவாக நினைக்காதே. மூன்று நாள் ஆலோசித்தேன். இந்த வீட்டுச் சமையற்காரர் மீரா சாகிபுவின் கருத்தையும் கேட்டேன். அவர் வெறுங்காலோடு நின்றபடியே முழுமனதாக ஆதரித்தார். டாக்டர் பெல்விக்கின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேனா பிடிக்கிறவனுடைய கணுக்கால் வெளியே தெரிவது மனித இன ஆராய்ச்சிக்குப் பொருந்தாது.

வேலை நன்றாக நடக்கிறது. டாக்டர் ஆஸ்திரேலியாவில் மூன்று வருஷம் ஆதிக்குடிகளோடு பாலைவனத்தில் திரிந்து ஒரு புத்தகம் எழுதியவர் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? இப்போது நம் பெக்கோக் காட்டு ஜாக்கூன் ஜனங்களைப் பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதுகிறார். அவர் சொல்வதை எழுதி, பிறகு அழகான கையெழுத்தில் படி எடுப்பது என் பொறுப்பு. தட்டச்சு இயந்திரம் ஒன்றும் இருக்கிறது. இந்த ஊர் ஈரத்தில் அதன் எழுத்துகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. என் எழுத்துகள் ஒழுக்கமானவை என்று டாக்டரே சொன்னார்.

நில இலாகா இந்த அறிக்கைக்காகக் காத்திருக்கிறது. ஓடைக்கு அப்பால் நம் தோட்டம் கேட்டிருக்கும் நானூறு ஏக்கரில் ஜாக்கூன்களுக்குப் பாத்தியதை உண்டா என்பதுதான் கேள்வி. எண்பத்து மூன்றாம் பக்கத்தில் பதில் இருக்கிறது: 'இவர்களுக்கு எந்த நிலத்தோடும் பற்று இல்லை.' அதற்கு ஆதாரம் நான். போன வருஷம் மார்ச்சில் நானும் டாக்டரும் போய் நாற்பத்தொரு தலைகளை அளந்தோம். ஜூலையில் நான் மட்டும் போய்ப் பெரட்டு எடுத்தேன். பெரட்டு என்றால் என்ன என்று டாக்டருக்கு விளக்க வேண்டியிருந்தது. விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது; மூன்று நாள் சேர்ந்தாற்போல வராதவன் பெயரைச் செக்ரோல் பதிவேட்டில் அடித்து 'ஓடிப்போனான்' என்று எழுதுவது. "இது விஞ்ஞான முறை" என்றார். பதினாறு குடிசை. மூன்று நாளும் ஒரு நாய்கூட இல்லை. நாற்பத்தொரு பெயரையும் அடித்தேன்.

அறிக்கை இங்கிலாந்தில் அச்சாகும். முன்னுரையில் என் பெயர் வரும். டாக்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நிலம் கிடைத்தால் புது டிவிஷன் கணக்குக்கு நான்தான் பெரிய கிராணி, உனக்குச் செங்கல் வீடு என்று நம் துரை சொன்னது நினைவிருக்கும். அஸ்திவாரம் தோண்டிவிட்டார்களா?

அர்ச்சுனன்


சுங்கை லிந்தா தோட்டம், பெக்கோக்
10 மே 1927

அத்தானுக்குக் கிருஷ்ணம்மா எழுதுவது.

காலுறை விஷயம் படித்தேன். லயத்துக் குடியிருப்பில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய சேதியைப் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும். என்ன நிறம்?

அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. துரைக்கு அவ்வளவு நம்பிக்கை. தினமும் சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன். அங்கம்மாவின் வாத்துகளும் வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன. கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல் வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். ஏழு வருஷமாக அடுத்த அறைக் காளியம்மா தாளிப்பதற்கு நான் தும்மிக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு ஜன்னல் இருந்தால் என் தாளிப்புக்கு நானே தும்முவேன்.

நேற்று மெலூர் உப்புக்கு வந்தாள். ஜாக்கூன் பெண்களில் நம் வீட்டுப் பின்வாசலுக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான். உங்கள் செக்ரோலில் இருபத்து மூன்றாம் பெயர். ஓடிப்போனவள் பிரம்பும் தேனும் கொண்டுவந்தாள். அவள் பேசுவது மலாய். நான் தமிழில் எழுதுகிறேன்.

"உன் ஆள் எங்கே?" என்றாள்.

"ஜோகூர் பாருல. உங்களைப் பத்திதான் எழுதிக்கிட்டு இருக்காரு."

"இன்னுமா? நாங்க நாப்பத்தொரு பேர்தான லா."

அவர்கள் தலைவர் பாத்தின் தெகாப் நலமாக இருக்கிறாராம். டாக்டர் தலை அளந்த இரும்புக் கவட்டை அவர் நெற்றியில் பட்ட தடம் இப்போதுதான் மறைந்ததாம். இன்னொன்றும் சொன்னாள். நீங்கள் அன்றைக்கு மரத்தடியில் அசந்து தூங்கியபோது உங்கள் தலையை அவர்களும் ஒரு பிரம்பு நாரால் அளந்து வைத்திருக்கிறார்களாம். குடிசை முகட்டில் தொங்குகிறதாம். எதற்கு என்று கேட்டேன். "நீங்க எதுக்கு அளந்தீங்களோ, எங்களுக்குத் தெரியல. தெரியிறப்போ உதவும்னு வெச்சிருக்கோம்" என்றாள்.

கிருஷ்ணம்மா


ஜோகூர் பாரு
16 மே 1927

கிருஷ்ணம்மாவுக்கு,

நிறம் சாம்பல். இரண்டு ஜோடி.

என் தலையை அளந்ததைப் பற்றி டாக்டரிடம் சொல்லவில்லை. அனுமதியில்லாமல் ஒருவன் தலையை அளப்பது முறையல்ல. நாங்கள் அளந்தபோது ஆளுக்கு ஒரு சுருட்டுக் கொடுத்தோம்.

நீ மெலூரோடு பேசுகிறாய் என்று தெரிந்ததும் டாக்டர் மகிழ்ந்து ஒரு கேள்வி அனுப்பச் சொன்னார். அவருடைய பட்டியலில் பதினான்காம் கேள்வி: 'வீட்டைவிட்டுப் போகும்போது வருத்தப்படுகிறார்களா?' பதில் இல்லை என்றுதான் வரும். ஆறாம் அத்தியாயத்தில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. ஒப்புக்குக் கேட்டு எழுது.

ஜன்னலுக்குக் கம்பி உண்டா என்று கொத்தனாரைக் கேள்.

அர்ச்சுனன்


சுங்கை லிந்தா தோட்டம்
13 ஜூன் 1927

அத்தானுக்கு,

கேட்டேன். மெலூர் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் சொன்னாள்: "வருத்தமா? டுரியான் விழுற காலத்துல எவன் வீட்டுல உக்காந்திருப்பான்?"

ஓடைக்கு அப்பால் அரை நாள் நடந்தால் அவர்களுடைய டுரியான் தோப்பு வருமாம். பழம் விழும் பருவத்தில் குடிசைகளைச் சாத்திவிட்டு, நாய்களையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் அங்கே போய்விடுவார்கள். ஒவ்வொருவரும் தன் தன் மரத்தடியில் பந்தல் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். ஜூன் கடைசியில் போனால் ஆகஸ்டில்தான் திரும்புவார்கள். அவளுடைய பாட்டியின் பாட்டி காலத்திலும் அப்படித்தானாம்.

அத்தான், நீங்கள் பெரட்டு எடுத்தது ஜூலையில்.

நம் லயத்தில் ஆள் வரவில்லையென்றால் ஓடிப்போனான் என்று எழுதுவது சரி. அவனுக்கு இங்கே ஒன்றுமில்லை, ஓடத்தான் செய்வான். அவர்கள் ஓடவில்லை. வேலைக்குப் போயிருந்தார்கள். துரை கேட்டிருக்கும் நானூறு ஏக்கர் அந்தத் தோப்புதான்.

தோப்பைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ரப்பர்ப் பால் வெட்டும் கருப்பாயி கூட வருகிறாள். மெலூர் அழைத்துப்போகிறாள். வழியெல்லாம் அட்டை என்கிறாள். உங்கள் காலுறையில் ஒரு ஜோடி அனுப்புங்கள்.

கிருஷ்ணம்மா


ஜோகூர் பாரு
17 ஜூன் 1927

கிருஷ்ணம்மாவுக்கு,

போகாதே. கிராணி பெண்சாதி காட்டுக்குள் அரை நாள் நடந்தாள் என்று தெரிந்தால் துரை என்ன நினைப்பார்?

நான் சொல்வதை நிதானமாகப் படி. எண்பத்து மூன்றாம் பக்கம் எழுதி, மை காய்ந்து, ஓரம் வெட்டி வைத்தாகிவிட்டது. அந்தப் பக்கத்து எழுத்துகள் இதுவரை நான் எழுதியவற்றிலேயே சிறந்தவை என்று மீரா சாகிபு சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அவருடைய தீர்ப்பில் பாரபட்சம் இல்லை. ஆதாரம் தவறு என்று நானே போய்ச் சொன்னால் முன்னுரையில் என் பெயர் என்ன ஆகும்? நம் குடும்பத்தில் யாருடைய பெயரும் இதுவரை அச்சானதில்லை, கப்பல் சீட்டைத் தவிர. அதிலும் எழுத்துப் பிழை.

உன் ஜன்னலையும் நினைத்துப் பார்.

இத்துடன் ஒரு ஜோடி காலுறை அனுப்பியிருக்கிறேன். இதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதே.

அர்ச்சுனன்


சுங்கை லிந்தா தோட்டம்
9 ஜூலை 1927

அத்தானுக்கு,

அனுமதி என்று எடுத்துக்கொள்ளவில்லை. காலில் போட்டுக்கொண்டேன்.

மனித இன ஆராய்ச்சிக்குக் காலுறை அவசியம் என்று நீங்கள் எழுதியது முழு உண்மை. முப்பத்திரண்டு அட்டைகள் ஏறின. ஒன்றும் உள்ளே போகவில்லை. கருப்பாயி வெறுங்காலோடு வந்தாள். வழி முழுக்க உங்கள் டாக்டரை வைதுகொண்டே வந்தாள். டாக்டரை அவள் பார்த்ததுகூட இல்லை.

தோப்பில் நாற்பத்து நான்கு பேர் இருந்தார்கள். உங்கள் நாற்பத்தொரு பேரும், பிறகு பிறந்த மூன்று குழந்தைகளும். கையோடு பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். பின்பாதி வெற்றுத் தாள். பாத்தினிடம் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் துரை இந்த இடத்தைக் கேட்கிறார், இங்கே யாரும் இல்லை என்று காகிதத்தில் இருக்கிறது, அப்படி எழுதியவர் என் புருஷன்தான் என்று.

அவர் கோபப்படவில்லை. "அவன் என்ன செய்வான்? காலி வீட்டைப் பாத்தான், காலின்னு எழுதினான்" என்றார். பிறகு கேட்டார்: "உங்க காகிதத்துல மரத்துக்கு இடம் உண்டா?"

உண்டு என்றேன். செக்ரோலில் பெயர், தகப்பன் பெயர், வந்த நாள் என்று மூன்று கட்டம் இருக்கிறதே. அதுவே போதுமாக இருந்தது.

பாத்தின் பாராங் கத்தியின் பின்பக்கத்தால் ஒரு மரத்தைத் தட்டினார். அதன் பெயரைச் சொன்னார். அதற்கு உரியவர் பந்தலைவிட்டு எழுந்துவந்து மரத்தைத் தொட்டு நின்று, யார் தின்ற பழத்தின் கொட்டை அது, அவரைப் பெற்றவர் யார், அப்போது என்ன நடந்தது என்று சொன்னார். நான் எழுதினேன். மூன்றாவது மரம் வரைக்கும் கருப்பாயி பொறுத்தாள். நாலாவது மரத்தைத் தட்டியதும், பதினைந்து வருஷப் பழக்கம், "ஆஜர்!" என்று கத்திவிட்டாள். பிள்ளைகள் பிடித்துக்கொண்டன. அதன் பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் காடே ஆஜர் சொன்னது.

ஒரு மரத்தின் பெயர் 'புலி உட்கார்ந்தது'. ஒன்று 'மாமியார் கோபித்துக்கொண்டது'. ஒன்று 'மழையில் பிறந்தவன்'. அதற்கு உரிய கிழவர் மரத்தைவிட இளையவர், மரத்தின் பெயரைத்தான் அவருக்கு வைத்திருக்கிறார்கள். மெலூர் தன் மரத்தைத் தொட்டுக்கொண்டு அம்மா, அம்மாவின் அம்மா என்று ஏழு பேரைச் சொன்னாள். எட்டாவதற்கு நின்றாள். "அதுக்கு மேல மரத்தைத்தான் கேக்கணும்" என்றாள்.

எனக்கு அப்பா பெயர் தெரியும், தாத்தா பெயர் தெரியும். அதற்கு மேல் கப்பல் வந்துவிடுகிறது.

இரண்டு நாள் ஆயிற்று. நூற்று நாற்பத்து மூன்று மரங்கள். ஒன்றும் ஓடிப்போகவில்லை. கிளம்பும்போது நான் தின்ற பழத்தின் கொட்டையைப் பாத்தின் வாங்கி ஓரமாக ஊன்றினார். இதையும் எழுது என்றார். நூற்று நாற்பத்து நான்கு: 'கிராணி பெண்சாதி கேட்டது'. கருப்பாயி வெறும் மண்ணைப் பார்த்து ஆஜர் சொன்னாள்.

புத்தகத்தை மனோகரன் கங்காணியிடம் ரயிலில் கொடுத்தனுப்புகிறேன். என் கையெழுத்து உங்களுடையதைப் போல இருக்காது. மடியில் வைத்து எழுதியது.

ஜன்னலைப் பற்றி நினைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். போகும்போதும் வரும்போதும் நினைத்தேன். நினைத்து முடித்துவிட்டேன். இனி நீங்கள்.

கிருஷ்ணம்மா


ஜோகூர் பாரு
29 ஜூலை 1927

கிருஷ்ணம்மாவுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் வேலை அல்ல. எட்டு நாள் உன் புத்தகத்தை என் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் எடுத்துப் படித்தேன். கடைசியில் ஒரு பக்கத்தில் அட்டை ஒன்று நசுங்கி ஒட்டியிருந்தது. என்னுடைய நாற்பத்தொரு தலைகளின் அட்டவணையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் அட்டவணையில் அளவு இருந்தது. உன்னுடையதில் ஆட்கள் இருந்தார்கள்.

மறுநாள் காலை டாக்டரிடம் போய் நின்றேன். "ஐயா, என் பெரட்டு தவறு" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் நாய்க்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். "ஆறாம் அத்தியாயத்தை மாற்ற முடியாது. அது நன்றாக அமைந்துவிட்டது" என்றார்.

வாதாடி ஜெயிக்கக்கூடிய மனிதர் அல்ல அவர். ஆகவே ஆஸ்திரேலியாவைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, இருநூற்றுப் பதினோராம் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அந்தப் பாலைவனத்தில் ஒரு கிழவர் அறுபது நீர்க்குழிகளின் பெயரை வரிசையாகச் சொன்னாராம். வீடே கட்டாத இந்த மனிதருக்கு, பத்திரம் வைத்திருக்கும் எந்தப் பிரபுவையும்விட உறுதியான பாத்தியதை உண்டு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். தான் எழுதியதை அவர் இரண்டு முறை படித்தார். இரண்டாம் முறை சத்தமாக. கண் கலங்கியது. பக்கத்தில் உன் செக்ரோலைத் திறந்து வைத்தேன். என் ஆங்கிலத்தில் பத்து மரங்களை வாசித்துக் காட்டினேன்.

"இங்கே நூற்று நாற்பத்து நான்கு!" என்றார், அந்தக் கிழவரைத் தானே தோற்கடித்துவிட்டதைப் போல. "பின்னிணைப்பாகச் சேர்த்துவிடு. பின்னிணைப்பில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். நான் படிப்பதில்லை."

பிறகு பேனாவை எடுத்து முன்னுரையில் என் பெயர் இருந்த வரியை அடித்தார். "தவறான வேலைக்கு நன்றி சொல்வது வாசகர்களை ஏமாற்றுவதாகும், அர்ச்சுனன்" என்றார். அதுவும் நியாயம்தான். நானும் நாற்பத்தொரு பேரை அப்படித்தான் அடித்தேன்.

ஒன்பது நாள் உட்கார்ந்து உன் பட்டியலை ஆங்கிலத்தில் பெயர்த்துப் படி எடுத்தேன். 'மாமியார் கோபித்துக்கொண்டது' என்பதற்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று. எண்பத்து மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் 'நான்காம் பின்னிணைப்பைப் பார்க்க' என்று எழுதினேன். அதற்கு டாக்டரிடம் அனுமதி கேட்கவில்லை. பின்னிணைப்பின் தலைப்பில் இன்னொன்றும் எழுதினேன். அதற்கும் கேட்கவில்லை: 'நேரில் சென்று தொகுத்தவர்: திருமதி கிருஷ்ணம்மா அர்ச்சுனன், பெக்கோக்.'

இப்போது அந்தப் பக்கத்தின் எழுத்துகள்தான் நான் எழுதியவற்றில் சிறந்தவை. மீரா சாகிபுவிடம் காட்டவில்லை.

அர்ச்சுனன்


ஜோகூர் பாரு
3 அக்டோபர் 1927

கிருஷ்ணம்மாவுக்கு,

இன்று நில இலாகா அதிகாரி வந்தார். எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர். முன்பக்கத்தில் ஜனங்கள் அபிப்பிராயம் எழுதுவார்கள், பின்பக்கத்தில்தான் விவரம் இருக்கும் என்பது அவர் கொள்கை. ஒரு மணி நேரம் நான்காம் பின்னிணைப்பைப் படித்தார். அத்தியாயங்களைத் தொடவில்லை.

"யார் இந்தக் கிருஷ்ணம்மா?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். "என் மனைவி, ஐயா" என்றேன். கிருஷ்ணம்மா, பன்னிரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்திருக்கிறேன். எந்த அதிகாரி முன்னாலும் இவ்வளவு நேராக நின்றதில்லை.

"எங்கே படித்தவர்?"

"மிஷன் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு."

"எங்கள் சர்வேயர்களை அங்கே அனுப்பலாம்" என்றார்.

முன்னுரை முடிந்துவிட்டது. அதில் அரசாங்கத்துக்கும், கப்பல் கம்பெனிக்கும், டாக்டரின் நாய்க்கும் நன்றி சொல்லியிருக்கிறது. இங்கிலாந்துக்கு அனுப்ப இன்னொரு படி எடுக்கிறேன். தைக்கு வருவேன்.

உன் பெயர் அச்சாகும். எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

அர்ச்சுனன்


சுங்கை லிந்தா தோட்டம்
14 டிசம்பர் 1927

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை லயத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். நாய்க்கு நன்றி சொன்ன இடத்தில் காளியம்மா, "அதுவாச்சும் பொய் எழுதலையே" என்றாள். கோபிக்காதீர்கள். நீங்கள் எழுந்து நின்ற இடத்தைக் கருப்பாயி மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். மூன்று முறையும் ஆஜர் சொன்னாள்.

பாத்தின் வந்திருந்தார். உங்கள் தலையை அளந்த பிரம்பு நாரைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது எதற்கென்று தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். "தெரியல. ஆனா அவன் தலை நல்ல தலை. நீயே வெச்சுக்கோ" என்றார். ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

நில இலாகாவிலிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"இந்தப் பட்டியலை எழுதினது நீதானா?"

"ஆமாங்க துரை."

"யார் எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. செக்ரோல்ல தப்பு இருந்துச்சு, திருத்தினோம்."

செக்ரோலில் தப்பு இருந்தால் திருத்த வேண்டும் என்று சுவரில் எழுதி மாட்டியிருப்பவர் அவர்தான். சின்னக் கிராணி வேலை உங்களுக்கு அப்படியே இருக்கிறது என்று தலைமைக் கிராணி ஜெயபாலன் சொன்னார்.

உங்கள் காலுறையைத் துவைத்து வைத்திருக்கிறேன். வலது காலில் ஓட்டை. தைத்துவிட்டேன். வருகிற ஜூனில் பாத்தின் கூப்பிட்டிருக்கிறார். மெலூரின் குழந்தைக்கு ஒரு மரம் சேர்க்க வேண்டுமாம். நீங்களும் வாருங்கள். இன்னொரு ஜோடியையும் எடுத்து வையுங்கள்.

திங்கட்கிழமை சர்வேயர்கள் வந்தார்கள். எல்லைக் கல்லை ஓடைக்கு இந்தப் பக்கம் நட்டுவிட்டுப் போனார்கள். புது டிவிஷன் இல்லை. கொத்தனார் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. அஸ்திவாரக் குழியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. அங்கம்மாவின் வாத்துகள் அதில் நீந்துகின்றன.

கிருஷ்ணம்மா